வேண்டுங்காலத்துத் திறக்கும் சாளரம்

ஒரு வினைக்கு வேண்டிய பொருள்கள் யாவற்றையும் முன்னரே திரட்டி வைத்துக்கொண்டு தொடங்குதல் ஒரு முறை. வேண்டும் நேரம் வந்தவுடன் வேண்டியதை மட்டும் ஆக்கிக்கொள்ளுதல் மற்றொரு முறை. இவ்விரண்டனுள் எது சிறந்தது என்னும் வினா மக்கள் வாழ்க்கையில் மிகப் பழையது. தாகம் எடுத்த பின்னரா கிணறு வெட்டுவது என்று கேட்கும் அதே ஊரார், நாளைய விருந்துக்கு இன்றே இலை போடுபவனைக் கண்டு நகைக்கவுஞ் செய்வர். திருவள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தார். வினை செய்வான் ஒருவன் தன்பாலுள்ள வலிமையின் அளவையும், வினைக்குரிய காலத்தையும், அதற்குரிய இடத்தையும் ஒருங்கே எண்ணுதல் வேண்டும் என்பது அவ்வைப்பு முறையாற் பெறப்படும். அரசியல் நடத்துவோரை நோக்கிக் கூறப்பட்ட இவ்வெண்ணங்கள், கணினிக்குச் செய்நிரல் எழுதும் மாணவனுக்கும் வேண்டுவனவே. கணினித் திரையில் தோன்றும் சாளரங்களை எப்பொழுது படைத்தல் தகும் என்னும் சிறியதொரு வினாவைக் கொண்டு அதனை விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாலாவியின் உப்பளங்கள்

பாலாவி என்றவுடன் திருக்கேதீச்சரத்தின் அருகே உள்ள தீர்த்தமே பலர்க்கும் நினைவுக்கு வரும். ஈண்டுக் குறிக்கப்படுவது அதுவன்று. புத்தளம் நகருக்குத் தெற்கே, கொழும்பிலிருந்து வரும் வீதியிலிருந்து கற்பிட்டி வீதி பிரியும் சந்தியைக் கொண்ட ஊர் இது. இப்பகுதியில், புத்தளக் களப்பின் நீரைக் கொண்டு உப்பு விளைவிக்கப்படுகின்றது. கணினிச் சாளரத்தைப் பற்றிப் பேசப் புகுந்த இடத்தில் உப்பளம் எதற்கு என்று கேட்கலாம். வேண்டுங்காலம் எது என்பதை அளந்தறிந்து வினை செய்யும் முறைக்கு அதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிதாதலின், அதனை முதலில் அறிந்துகொள்ளுதல் பயன்தரும்.

வெளியிலிருந்து பார்ப்போர்க்கு உப்பளத்துப் பாத்திகள் யாவும் ஒரே தன்மையனவாகத் தோன்றும். உண்மையில் அவை வெவ்வேறு படிகளுக்கு உரியன. களப்பிலிருந்து எடுக்கப்படும் நீர் முதலில் பரந்த தேக்கங்களில் நிறுத்தப்படும். பின்னர் வெயிலும் காற்றும் அதனைச் செறிவிக்குமாறு பாத்தி பாத்தியாக நகர்த்தப்படும். இறுதியிலேதான் உப்புப் படியும் பாத்திகளுக்கு அது விடப்படும். செறிவை அளத்தற்குப் போமே என்னும் பிரெஞ்சு வேதியியலறிஞரின் பெயரால் வழங்கும் பாகைமானி பயன்படுகின்றது. சாதாரணக் கடல்நீர் அதில் ஏறக்குறைய 3 முதல் 3.5 பாகை காட்டும். நீர் வற்றி அளவு ஏற ஏற, முதலிற் சுண்ணாம்புச் சத்தும் அதன்பின் ஜிப்சமும் படியும். ஏறக்குறைய 25 பாகையை எட்டிய பின்னரே கறியுப்புப் படியத் தொடங்கும். 29 அல்லது 30 பாகையைக் கடக்கும்போது மக்னீசிய உப்புகள் மிகுந்து கைப்புச் சேரும். ஆதலின் எஞ்சிய நீரை வடித்துவிடுவர்.

இதில் மூன்று பிழைகளுக்கு இடமுண்டு. உரிய பாகை வருமுன்னரே நீரைக் கடைப் பாத்திக்கு விட்டால், ஜிப்சமும் உப்பும் ஒன்றாகப் படிந்து உப்பின் தரம் கெடும். பாத்தியும் பயனின்றி அடைபட்டுக் கிடக்கும். உரிய பாகை வந்த பின்னும் விடாதிருந்தால், முந்திய பாத்தியிலேயே உப்புப் படிந்து வீணாகும். வடிக்க வேண்டிய நீரை வடிக்காது விட்டால், விளைந்த உப்பும் கைக்கும். முந்துதல், பிந்துதல், முடித்துவைக்காமல் விடுதல் என்னும் இம்மூன்று பிழைகளும் கணினிச் சாளரத்தின் வரலாற்றிலும் அவ்வாறே காணப்படுகின்றன.

சாளரத்தின் மூன்று பிறப்புகள்

கணினியிற் சாளரம் எனப்படுவது திரையில் ஒரு செய்நிரல் தனக்கெனப் பெறும் நாற்கோணப் பரப்பாகும். பயன்படுத்துவோன் எழுதுவதும் படிப்பதும் தெரிவு செய்வதும் அதன் வாயிலாகவே நிகழ்கின்றன. ஸெரொக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுநிலையத்தில் 1973ஆம் ஆண்டில் உருவான ஆல்ட்டோ என்னும் கணினி இம்முறைக்கு வழிகாட்டியது. 1984ஆம் ஆண்டில் வெளிவந்த மக்கின்டொஷும், 1985ஆம் ஆண்டில் முதற் பதிப்புப் பெற்ற விண்டோஸும் அதனைப் பொதுமக்கள் கைக்குக் கொண்டுவந்தன.

சாளரம் திரையில் தோன்றும் கணத்திலேயே பிறக்கின்றது என்று பயன்படுத்துவோர் எண்ணுவர். செய்நிரல் எழுதுவோன் மூன்று பிறப்புகளைப் பிரித்தறிதல் வேண்டும். முதலாவது, சாளரத்தின் இயல்புகளையெல்லாம் தாங்கிய பொருள் நினைவகத்தில் அமைக்கப்படுதல். இரண்டாவது, பணிசெயல் முறைமை அச்சாளரத்தைத் தன் பதிவில் ஏற்று, அதற்கெனக் கைப்பிடி எண் ஒன்றை வழங்குதல். மூன்றாவது, அது திரையிற் காட்டப்படுதல். மூன்றாவது பிறப்பு மட்டுமே கண்ணுக்குத் தெரிவது; செலவோ முதலிரண்டிலும் மிகுதி. காட்டப்படாத சாளரமும் நினைவகத்தில் இடம் பிடித்திருக்கும். விண்டோஸில் ஒரு சாளரத்தினுள்ளே உள்ள எழுதுபெட்டிகளும் பொத்தான்களும் தாமும் பெரும்பாலும் தனித்தனிச் சிறு சாளரங்களே என்பது பலரும் அறியாத செய்தி. ஆதலின், முப்பது கட்டங்கள் கொண்ட ஒரு படிவத்தைப் படைப்பது முப்பதுக்கும் மேற்பட்ட சாளரங்களைப் படைப்பதற்குச் சமமாகும்.

முந்துதலின் கேடு

1995ஆம் ஆண்டில் போர்லாண்ட் நிறுவனம் டெல்பி என்னும் செய்நிரலாக்கக் கருவியை வெளியிட்டது. அதன் தலைமைச் சிற்பி டென்மார்க்கிற் பிறந்த அண்டர்ஸ் ஹெயில்ஸ்பெர்க் ஆவார். நிக்கிளாஸ் விர்த் 1970ஆம் ஆண்டில் மாணவர்க்குக் கற்பிக்கவென அமைத்த பாஸ்கல் மொழியின் வழிவந்தது டெல்பி. அதன் அமைப்பைப் பின்பற்றி, விலையின்றிக் கிடைக்கும் லாசரஸ் என்னும் கருவியும் 1999ஆம் ஆண்டிலிருந்து வளர்ந்துவருகின்றது. பாஸ்கல் மொழி இலங்கைப் பாடசாலைகளின் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்திலும் இடம்பெற்ற மொழியாதலின், இவ்விரண்டும் மாணவர்க்கு அயலானவை அல்ல.

டெல்பியில் ஒரு புதிய படிவத்தை வரைந்தவுடன், அதனைத் தொடக்கத்திலேயே படைக்குமாறு கட்டளையிடும் வரியொன்று செய்நிரலின் தலைக்கோப்பில் தானாகவே எழுதப்படும். பத்துப் படிவங்கள் வரைந்தால் பத்து வரிகள். நூறு வரைந்தால் நூறு. செய்நிரல் தொடங்கும்போது அவ்வரிகள் யாவும் நிறைவேறி முடிந்த பின்னரே முதற் சாளரம் பயன்படுத்துவோன் கைக்கு வரும். இவ்வேற்பாடு தொடங்குநர்க்கு உதவி செய்யும் எண்ணத்துடன் செய்யப்பட்டது. எந்தப் படிவத்தை எந்த இடத்தில் அழைத்தாலும் அது ஆயத்தமாக இருக்கும். இல்லாத பொருளைத் தொட்டுப் பிழை நேரும் அச்சம் இல்லை. சிறிய செய்நிரலுக்கு இது பொருத்தமே.

செய்நிரல் வளருங்கால் இவ்வுதவியே சுமையாகின்றது. பாலாவியில் உப்பு வாங்கி விற்கும் வணிகர் ஒருவருக்கான கணக்குச் செய்நிரலைக் கற்பனை செய்யலாம். கொள்வனவு, விற்பனை, கூலி, பாரவண்டிக் கட்டணம், கடன், ஆண்டறிக்கை எனப் பலவற்றுக்குமாக அதில் 40 படிவங்கள் உள்ளன என்க. ஒவ்வொன்றையும் படைக்கக் காற்செக்கன் செல்லுமாயின், தொடக்கத்திலேயே 10 செக்கன் கழியும். படிவம் படைக்கப்படும்பொழுதே தரவுத்தளத்தைத் திறந்து பட்டியல்களை நிரப்புமாறு எழுதப்பட்டிருப்பின், காலதாமதம் இன்னும் மிகும். ஆனால் ஒரு சாதாரண நாளில் அவ்வணிகர் தொடுவன மூன்று நான்கு படிவங்களே. ஆண்டறிக்கைப் படிவம் ஆண்டுக்கொரு முறை தேவைப்படுவது. அதனை ஆண்டு முழுவதும் ஒவ்வொரு காலையும் படைத்து மாலையில் அழிப்பது வீண்செலவன்றோ? வாசலிற் பாரவண்டி காத்து நிற்க, திரையை நோக்கிக் கையைக் கட்டிக்கொண்டிருக்கும் வணிகருக்கு அதன் காரணம் தெரியாது. கணினி பழுதென்றே கருதுவார்.

டெல்பியின் முதற் பதிப்பு வெளிவந்த காலத்தில் இக்கேடு இன்னுங் கொடிதாக இருந்தது. அக்காலத்து விண்டோஸ் 3.1, எல்லாச் செய்நிரல்களின் சாளரங்களையும் வரைபொருள்களையும் பற்றிய குறிப்புகளை 64 கிலோபைற்று அளவேயுடைய சில சிறு சேமிப்பிடங்களில் வைத்திருந்தது. கணினியில் எவ்வளவு நினைவகம் எஞ்சியிருப்பினும், அச்சேமிப்பிடங்கள் நிரம்பிவிட்டால் புதிய சாளரம் திறவாது. ஒரு செய்நிரலின் ஊதாரித்தனம் அயலில் இயங்கிய மற்றைச் செய்நிரல்களையும் முடக்கியது. வலியறிதல் என்பதற்கு இதனினும் நேரான பாடம் வேண்டுவதில்லை.

வேண்டும்போது படைத்தல்

இதற்கு மாற்று எளியது. தானே படைக்கப்படும் படிவங்களின் பட்டியலில் முதன்மைப் படிவத்தை மட்டும் விட்டு, ஏனையவற்றை வெறுமனே கிடைக்கத்தக்கவை என்னும் பட்டியலுக்கு மாற்றிவிடுதல் வேண்டும். டெல்பியும் லாசரஸும் இதற்கு இடமளிக்கின்றன. அதன்பின், பயன்படுத்துவோன் ஒரு பொத்தானை அழுத்தும்பொழுது, அதற்குரிய படிவத்தைப் படைக்கும் கட்டளையைச் செய்நிரலாளனே எழுதுவான்.

இக்கருத்து சாளரங்களுக்கே உரியதன்று; கணினி இயலில் ஆழமாக வேரூன்றிய ஒன்று. மன்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டொம் கில்பேண் தலைமையில் அமைந்து 1962ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினி, செய்நிரலின் பக்கங்களை அவை தேவைப்படும் கணத்திலேயே முதன்மை நினைவகத்துக்குக் கொண்டுவந்தது. கிறிஸ்தோபர் வாட்ஸ்வேர்த் என்பார் 1971ஆம் ஆண்டில், ஒரு கோவையின் பெறுமதி வேண்டப்படும்போது மட்டும், அதுவும் ஒரே முறை, கணிக்கப்படும் முறையை ஆராய்ந்து எழுதினார். 1990ஆம் ஆண்டில் வெளிவந்த ஹஸ்கெல் என்னும் மொழி அம்முறையைத் தன் இயல்பாகவே கொண்டது. டெல்பியின் உள்ளமைப்பைக் கூர்ந்து நோக்கினால் அங்கும் இக்கொள்கை காணப்படும். படிவப் பொருள் முதலிலே படைக்கப்பட்டாலும், அதற்குரிய கைப்பிடி எண் பொதுவாகப் படிவம் காட்டப்படும்போதோ அவ்வெண் கேட்கப்படும்போதோதான் பெறப்படுகின்றது. ஆகவே, முன்னர்க் கூறிய மூன்று பிறப்புகளுள் இரண்டாவதைக் கருவியே பிற்படுத்துகின்றது. முதலாவதைப் பிற்படுத்துவது செய்நிரலாளன் கடமையாக எஞ்சுகின்றது.

தேவையை அறிபவர் யார்

வேண்டும்போது என்னும் சொல்லில் ஒரு சிக்கல் உண்டு. வேண்டுமென்று தீர்மானிப்பவர் யார் என்பதே அது. மைக்ரோசொப்ட் நிறுவனம் 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட விசுவல் பேசிக், அத்தீர்மானத்தைக் கருவியிடமே விட்டது. செய்நிரலின் எந்தப் பகுதியாவது ஒரு படிவத்தின் இயல்பொன்றைப் பெயரிட்டுத் தொட்டவுடன், அப்படிவம் தானாகவே நினைவகத்துக்கு வந்துவிடும். செய்நிரலாளனுக்கு உழைப்பு இல்லை. ஆயின், ஒரு படிவத்தை மூடி இறக்கிவிட்ட பின்னர், அதன் எழுதுபெட்டியில் என்ன எழுதப்பட்டிருந்தது என்று வேறோரிடத்திலிருந்து கேட்டால், கருவி புதிய படிவமொன்றை மறைவாகப் படைத்து, அதன் வெற்றுப் பெட்டியைக் காட்டி, ஒன்றும் எழுதப்படவில்லை என்று விடை கூறும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. கொள்வனவு நிறையை எழுதியவர் எழுதியிருப்பார். கணக்கில் அது வெறுமையாக ஏறும். கண்ணுக்குத் தெரியாத சாளரம் திறந்தே இருப்பதால், முதன்மைச் சாளரத்தை மூடிய பின்னும் செய்நிரல் முடிவுறாமல் இருக்கவுங் கூடும்.

டெல்பியில் இதற்கு எதிரான நிலை. படைக்கப்படாத படிவத்தைத் தொட்டால், வெற்றுச் சுட்டைத் தொட்டதாகிச் செய்நிரல் பிழைகூறி நின்றுவிடும். பார்வைக்கு இது கடுமையானதாகத் தோன்றினும் ஒருவகையில் நன்மையே. பொய்யான விடையினும் வெளிப்படையான பிழை மேலானது. பிழையைத் திருத்தலாம், அறியாத பொய்யைத் திருத்த இயலாது. ஆதலின் தேவையை அறிந்து தீர்மானிக்கும் பொறுப்பைச் செய்நிரலாளன் தானே ஏற்றலும், அத்தீர்மானத்தை ஓரிடத்தில் மட்டும் வைத்தலும் நன்று. ஒவ்வொரு படிவத்துக்கும் அதனைத் திறக்கும் ஒரு செயன்முறையை எழுதி, ஏனைய பகுதிகள் அச்செயன்முறையின் வாயிலாகவே அப்படிவத்தை அணுகுமாறு செய்தால், வாசல் ஒன்றாகும், காவலும் எளிதாகும். இடனறிதல் என்பது இங்கே பொருந்தும்.

முடித்துவைத்தல்

முந்துதலின் கேட்டை உணர்ந்து வேண்டும்போது படைக்கக் கற்றுக்கொண்ட மாணவன் அடுத்து வழுக்கும் இடம் மூடுதலாகும். டெல்பியிலும் லாசரஸிலும் முதன்மையல்லாத சாதாரணப் படிவமொன்றை மூடினால், அது வழமையாக மறைக்கப்படுகின்றதேயன்றி அழிக்கப்படுவதில்லை. பயன்படுத்துவோன் கண்ணுக்கு அது போய்விட்டது. நினைவகத்தில் அது இருந்தபடியே இருக்கின்றது. பொத்தானை அழுத்துந்தோறும் புதிய படிவமொன்றைப் படைக்கும் கட்டளையை எழுதிவிட்டு, மூடுங்கால் அழிக்கும் கட்டளையை எழுதாது விட்டவனுடைய செய்நிரலில், ஒவ்வொரு முறையும் ஒரு மறைந்த படிவம் சேரும். காலையில் விரைந்து இயங்கிய செய்நிரல் மாலையில் தளரும். தொடக்கத்திலேயே யாவற்றையும் படைத்திருந்தால் 40 படிவங்களோடு நின்றிருக்கும். இப்பொழுதோ அதற்கு எல்லையே இல்லை. வடிக்கப்படாத நீர் பாத்தியிலே தேங்கிக் கைப்பதற்கு இஃது ஒப்பாகும்.

இன்றைய விண்டோஸிலும் இதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. ஒரு செய்நிரல் வழமையாக 10,000 சாளரப் பொருள்களுக்கு மேற்படப் பெற இயலாது. கோடிக்கணக்கான பைற்றுகள் எஞ்சியிருப்பினும் அவ்வெண் நிறைந்தால் புதிய சாளரம் மறுக்கப்படும். நினைவகம் பெருகிவிட்ட இந்நாளில் இத்தகைய சிக்கனம் எதற்கு என்று கேட்போர்க்கு இது விடையாகும்.

படிவங்களை முடித்துவைக்கும் வழி அவற்றின் வகையைப் பொறுத்தது. விடை பெறும்வரை பிற சாளரங்களைத் தடுத்து நிற்கும் படிவமாயின், அதனைப் படைத்தல், காட்டல், விடையைப் பெற்றுக்கொள்ளல், அழித்தல் என்னும் நான்கையும் ஒரே செயன்முறையில் அடுத்தடுத்து எழுதிவிடலாம். இடையில் பிழை நேர்ந்தாலும் அழித்தல் தவறாது நிகழுமாறு காவற் கட்டமைப்பொன்று பாஸ்கல் மொழியில் உண்டு. ஏனைய சாளரங்களோடு ஒருங்கே திறந்திருக்கும் படிவமாயின், அது மூடப்படுங்கால் தானே அழியுமாறு குறித்துவைத்தல் வேண்டும். அதோடு, அதனைச் சுட்டும் மாறியையும் வெறுமையாக்கிவிடல் வேண்டும். இல்லையெனின் இறந்த படிவத்தின் முகவரியை அம்மாறி காட்டிக்கொண்டே இருக்கும். குடிபெயர்ந்தவர் வீட்டுக் கதவைத் தட்டுவது போல, அடுத்த முறை தொடுவோர் ஏமாறுவர். மறுமுறை திறக்கும்போது மாறி வெறுமையாயிருந்தால் புதிதாகப் படைத்தலும், வெறுமையல்லாதிருந்தால் ஏற்கெனவே உள்ள சாளரத்தை முன்னே கொணர்தலும் முறையாகும். பொறுமையிழந்து பொத்தானை இருமுறை அழுத்துவோர்க்கு இரண்டு கூலிப் படிவங்கள் திறந்து, இரண்டிலும் ஒரே கூலி பதியப்படும் விபத்து இதனால் நீங்கும்.

அழித்தலுக்கு முன் எண்ண வேண்டியதும் ஒன்றுண்டு. படிவம் அழியுங்கால் அதில் எழுதப்பட்டிருந்தவையும் அழியும். அரைகுறையாக நிரப்பிய படிவத்தை மூடிவிட்டு மீண்டும் திறப்பவர், தாம் எழுதியது அங்கே இருக்கும் என்று எதிர்பார்ப்பாராயின், அத்தரவைப் படிவத்துக்கு வெளியே பாதுகாத்தல் வேண்டும். படிவம் என்பது தரவைக் காட்டும் கண்ணாடியேயன்றித் தரவு தங்கும் களஞ்சியம் அன்று. இவ்வேறுபாட்டை உணர்ந்தவனுக்குச் சாளரத்தை அழிக்க அச்சம் இராது.

முன்னரே படைக்க வேண்டியவை

இதுகாறுங் கூறியவற்றால், எல்லாவற்றையும் வேண்டும்போதே படைத்தல் வேண்டும் என்று முடிவு செய்தல் பொருந்தாது. முதன்மைச் சாளரம் தொடக்கத்திலேயே வேண்டப்படுவது. அதைப் பிற்படுத்துவதற்கு ஒன்றுமில்லை. நாள் முழுவதும் திறந்தும் மூடியும் வரும் படிவத்தை ஒவ்வொரு முறையும் படைத்து அழிப்பதினும், ஒரு முறை படைத்து மறைத்தும் காட்டியும் வருதல் சிக்கனமாகும். படைப்பதற்கு நெடுநேரம் செல்லும் படிவத்தை, பயன்படுத்துவோன் அவசரத்தில் இருக்கும்போது முதன்முதலாகப் படைக்கத் தொடங்குதல் பிந்துதல் என்னும் பிழையாகும். கணினி ஓய்ந்திருக்கும் இடைவேளையில் அதனை ஆயத்தஞ் செய்யலாம். மேலும், வேண்டும்போது படைக்கப்படும் படிவத்தில் உள்ள குறைகள் அது திறக்கப்படும் நாள் வரை வெளிப்பட மாட்டா. ஆண்டறிக்கைப் படிவத்தின் பிழை ஆண்டிறுதி நாளில், கணக்கு ஒப்படைக்க வேண்டிய வேளையில், முதன்முறையாகத் தலைகாட்டக் கூடும். ஆதலின் இம்முறையைக் கைக்கொள்வோன் ஒவ்வொரு படிவத்தையும் திறந்து பார்த்துச் சோதிக்கும் கடமையையும் உடன் ஏற்றவனாவான்.

யாவற்றினும் தலையாய விலக்கு, ஆபத்துக்கு உதவும் பொருளாகும். நினைவகம் போதவில்லை என்று அறிவிக்கும் சாளரத்தை, நினைவகம் தீர்ந்த பின்னர்ப் படைக்க முயன்றால் அது எங்ஙனம் கைகூடும்? இதனை உணர்ந்தே, பழைய விண்டோஸ், நினைவகம் எவ்வளவு குறைந்திருப்பினும் தவறாது தோன்றும் தனிவகை அறிவிப்புப் பெட்டியொன்றை வைத்திருந்தது. டெல்பியும், நினைவகப் பற்றாக்குறையைக் குறிக்கும் பிழைப்பொருளைச் செய்நிரல் தொடங்கும்பொழுதே படைத்து ஒருபுறம் வைத்துவிடுகின்றது. அப்பொருள் பெரும்பாலான செய்நிரல்களின் வாழ்நாளில் ஒருமுறையும் வேண்டப்படுவதில்லை. ஆயினும் அது வேண்டப்படும் கணத்தில் அதனைப் படைக்க இடமிராது என்பதே முன்னரே படைத்தற்குக் காரணம்.

உப்பளத்தார் இதனை நன்கு அறிவர். நீரை விடுவதற்குப் பாகை பார்த்துக் காத்திருக்கும் அவர்களே, வாரிக் குவித்த உப்பை மூடுவதற்கு மழை வரும்வரை காத்திருப்பதில்லை. குவியல்களைக் கிடுகு முதலியவற்றால் மூடிக் காத்தல் பழைய வழக்கம். முதல் துளி விழுந்த பின்னர்க் கிடுகு பின்னத் தொடங்குபவனுக்கு உப்பு மிஞ்சாது. மழை எத்துணை வலியது என்பதை நாடும் அண்மையில் உணர்ந்தது. மழை மிகுதியால் உள்நாட்டு விளைச்சல் குன்றியமையால், கடல் சூழ்ந்த இலங்கை 2025ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து உப்பை இறக்குமதி செய்ய நேர்ந்தது.

முடிவு

வேண்டும்போது படைத்தல் என்பது சோம்பலுக்கு மற்றொரு பெயரன்று. அஃது அளந்தறிந்து காத்திருத்தலாகும். எது எப்பொழுது வேண்டப்படும், வேண்டப்படுவதை யார் அறிவர், பயன் முடிந்தபின் அதனை யார் முடித்துவைப்பர், ஆபத்துக் காலத்தில் எதனைப் படைக்க இயலாது என்னும் நான்கு வினாக்களுக்கும் விடை கண்டவனே அம்முறையைக் கைக்கொள்ளத் தக்கவன். இவ்வினாக்களை எழுப்பாமல், கருவி தானாக எழுதித்தரும் வரிகளை அப்படியே ஏற்பவன் முந்துதற் பிழைக்கு ஆளாவான். இவற்றுள் முதல் வினாவை மட்டும் கேட்டு நிற்பவன் மறைந்த சாளரங்களின் குவியலில் அகப்படுவான்.

பாடசாலைகளிலே கணினி கற்கும் மாணவர் பலர்க்குப் பழைய, வலிமை குன்றிய பொறிகளே வாய்க்கின்றன. அதனை ஒரு குறையாக மட்டும் கொள்ள வேண்டுவதில்லை. வலிய பொறி செய்நிரலாளனின் பிழையை மறைத்துவிடும். மெலிந்த பொறி அதனை உடனே காட்டிக்கொடுக்கும். தான் எழுதிய சிறிய செய்நிரல் அத்தகைய பொறியிலும் தாமதமின்றித் திறப்பதையும், நாள் முழுதும் தளராமல் இயங்குவதையும் கண்ட மாணவன், திரைக்கு முன்னே அமர்ந்திருக்கும் மற்றொருவருடைய நேரத்தை மதிக்கக் கற்றுக்கொண்டவனாவான். செய்நிரலாக்கக் கல்வி தரத்தக்க பயன்களுள் அது சிறியதன்று.